லைம் நோய்க்கு மருந்து எடுத்துவந்த நான்கு வயதுச் சிறுமியிடம் ஒன்பதாம் நாள் தோன்றிய புது அறிகுறிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு குழந்தைக்கு, உண்ணிக் கடியால் தொற்றும் பாக்டீரியா நோயான லைம் நோய் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதன்பின் வரும் காய்ச்சல், தடிப்பு, கால்வலி, அடம் எல்லாவற்றையும் அந்த நோயின் கணக்கிலேயே சேர்த்துவிடும் போக்கு பெற்றோரிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் உண்டு. நோய்க்கிருமிக்கு ஒரு காலக்கணக்கு, மருந்துக்கு ஒரு காலக்கணக்கு, உடன் ஒட்டிவரும் பிற தொற்றுகளுக்கு வேறு காலக்கணக்கு என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான குழப்பங்கள் ஆய்வகத்துக்கு இரத்தம் போவதற்கு முன்பே தெளிந்துவிடும் என்பது என் கருத்து. அதை விளக்கவே இந்த நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். இங்கு வரும் சிறுமி குறிப்பிட்ட ஒரு குழந்தை அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் கடலோரப் பகுதியில் குழந்தை மருத்துவம் பார்ப்பவர்கள் கோடைக்காலத்தில் சந்திக்கக்கூடிய நிலைமைகளை ஒன்றிணைத்து, கற்பிப்பதற்காக அமைத்த வரலாறு இது. நோயின் கால அளவுகளும் மருந்தளவுகளும் பரிசோதனை விதிகளும் நடைமுறையில் உள்ளவையே.

முதல் வருகை

ஜூன் மாத நடுவில், 16 கிலோ எடையுள்ள மாநிறச் சிறுமி ஒருத்தியை அவள் தாய் அழைத்து வந்தார். இடது அக்குளுக்குப் பின்புறம் ஐந்து நாட்களாக ஒரு படை விரிந்துகொண்டே வந்தது. அளந்தபோது அது 9 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் கொண்ட நீள்வட்டமாக இருந்தது. அரிப்பும் வலியும் இல்லை. தொட்டால் சற்று வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. பலரும் எதிர்பார்க்கும் ‘இலக்குப் பலகை’ வளையம் அதில் இல்லை. முழுவதும் ஒரே நிறமாகவே இருந்தது. வெளிறிய தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இந்தப் படை, மாநிறத் தோலில் ஊதா கலந்த மங்கிய பழுப்பாகவே தெரியும் என்பதால், எங்கோ இடித்துக்கொண்ட கன்றல் என்று தாய் முதலில் எண்ணியது இயல்பே. கறுத்த தோல் உடையவர்களிடம் இந்த நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்ணி கடித்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அது நோயை மறுக்கும் சான்றாகாது. மே முதல் ஜூலை வரை கடிப்பவை பெரும்பாலும் கருங்கால் உண்ணியின் இளம் பருவத்தவை. கசகசா விதை அளவே இருக்கும். அவை வலியின்றிக் கடிக்கும். மூன்று, நான்கு நாள் குருதி குடித்துவிட்டுத் தாமாக விழுந்துவிடும். கடித்த இடத்தில் 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி, 5 செ.மீ.க்கு மேல் விரியும் படையே லைம் நோயின் முதல் அடையாளம். நோய் பரவலாக உள்ள பகுதியில் இந்தப் படையைக் கண்ட அளவிலேயே மருந்து தொடங்கலாம். இரத்தப் பரிசோதனை தேவையில்லை. இந்தக் கட்டத்தில் எதிர்ப்பொருள் இன்னும் போதிய அளவு உருவாகியிருக்காது என்பதால், நோயுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பரிசோதனை ‘இல்லை’ என்றே வரும்.

பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின், கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 மி.கி. என்ற கணக்கில் மூன்று வேளையாகப் பிரித்து, 14 நாட்களுக்குத் தரப்பட்டது. முதல் நாள் இரவே காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ் வந்தது. படையின் நிறமும் சற்று அடர்ந்தது. மறுநாள் மாலைக்குள் இரண்டும் தணிந்தன. கிருமிகள் திரளாக மடியும்போது ஏற்படும் இந்த எதிர்வினை, மருந்து தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வரும். தாயிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மருந்து நிறுத்தப்படவில்லை. ஐந்தாம் நாளில் படை மறைந்துவிட்டது.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலை சிறுமி 38.4 டிகிரி காய்ச்சலுடன் எழுந்தாள். இரு கைகளும் பால் தம்ளரைப் பிடிக்க முடியாதபடி வீங்கியிருந்தன. கட்டிலைவிட்டு இறங்கிக் கால் ஊன்ற மறுத்தாள். வயிறு, தொடை, முதுகு, முகம் எங்கும் வளையம் வளையமாகத் தடிப்புகள். சில வளையங்களின் நடுப்பகுதி வெளிறியும், சிலவற்றின் நடுப்பகுதி ஊதாவாகக் கன்றியும் இருந்தது. ‘மருந்து கேட்கவில்லை, கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது’ என்று தாய் முடிவு கட்டியிருந்தார்.

அந்த முடிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. லைம் கிருமி குருதிவழி பரவும்போது உடலின் பல இடங்களில் வளையப் படைகள் தோன்றுவது உண்மை. குழந்தைகளிடம் அது அரிதுமன்று. மூட்டு வீக்கமோ இந்நோயின் வரலாற்றோடேயே பிறந்தது. 1975-ல் லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் என்னும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீக்கம் வந்திருப்பதைக் கண்டு, தற்செயல் என்ற விளக்கத்தை ஏற்க மறுத்துச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தவர்கள் இரண்டு தாய்மார்களே. அதன் விளைவாக யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழு 1977-ல் இந்நோயை விவரித்தது. சில ஆண்டுகளில் வில்லி பர்க்டார்ஃபர் கருங்கால் உண்ணிகளின் குடலில் சுருள்வடிவக் கிருமியைக் கண்டார். தாய்மார்களின் ஐயத்தில் தொடங்கிய ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது, தாயின் ஐயத்தைப் புறங்கையால் தள்ளுவது பொருந்தாது. சோதித்துப் பார்த்தே விலக்க வேண்டும்.

பரிசோதனை

சிறுமி சோர்ந்திருந்தாலும் தெளிவாகப் பேசினாள். கழுத்து தடையின்றி வளைந்தது. முகம் இருபுறமும் சமமாக அசைந்தது. கண்களை இறுக மூடச் சொன்னபோது இரண்டும் முழுதாக மூடின. இதயத் துடிப்பு சீராக இருந்தது. கண்கள் சிவக்கவில்லை, வாயிலும் உதட்டிலும் புண் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. தடிப்புகளைக் கண்ணாடித் துண்டால் அழுத்தியபோது ஊதா நடுப்பகுதிகளைத் தவிர மற்றவை வெளிறின. அவள் விடாமல் சொறிந்துகொண்டே இருந்தாள்.

இந்த நிகழ்வில் அதிகம் பயன்பட்ட கருவி ஒரு பால்பாயிண்ட் பேனா. வலது தொடையில் இருந்த மூன்று வளையங்களின் விளிம்பை அதனால் வரைந்து, பக்கத்திலேயே மணியையும் எழுதினோம்: 10.20. இரத்தம் எடுத்து, இ.சி.ஜி. பார்த்து, சிறுநீருக்குக் காத்திருந்த நேரம் கழிந்து, பிற்பகல் ஒன்றரை மணிக்குத் திரும்பப் பார்த்தபோது ஒரு வளையம் அடியோடு மறைந்து பேனாக் கோடு மட்டும் வெறும் தோலில் நின்றது. மற்றொன்று கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. மூன்றாவதன் இடத்தில் கன்றிய நிறம் மட்டும் எஞ்சியது. லைம் படை இப்படி நடந்துகொள்வதில்லை. அது தோன்றிய இடத்திலேயே நாள்கணக்கில் நின்று மெல்ல விரியும். அரிப்பும் பெரும்பாலும் இராது. மணிக்கணக்கில் எழுந்து அடங்கி இடம் மாறுவது காணாக்கடி என்னும் அரிப்புத் தடிப்பு. தாயின் கைப்பேசியில் நேரம் பதிந்த படங்கள் முந்தைய இரவிலிருந்தே இருந்தன. அவற்றை வரிசையாகப் பார்த்தபோது அதே ஓட்டம் அங்கேயும் தெரிந்தது.

மூட்டுகளைத் தனித்தனியே பார்த்தோம். படுத்த நிலையில் தொடையை உள்ளும் வெளியும் மெல்ல உருட்டியபோது இடுப்பு மூட்டில் வலி இல்லை. முழங்கால்களில் நீர் கோக்கவில்லை. இரு கணுக்கால்களும் வலது மணிக்கட்டும் வீங்கியிருந்தன. ஆனால் வீக்கம் மூட்டுக்குள்ளே நிரம்பியதாக இல்லாமல், மூட்டைச் சுற்றியுள்ள மென்திசு உப்பியதாக இருந்தது. புறங்கையும் பாதமும் மெத்தென்று உப்பியிருந்தன. முந்தைய மாலை இடது மணிக்கட்டு வலித்ததாகவும், இன்று அது சரியாகிவிட்டதாகவும் தாய் சொன்னார்.

காலக்கணக்கை வைத்துப் பிரித்தல்

லைம் மூட்டழற்சி, தொற்று ஏற்பட்டுப் பெரும்பாலும் மாதங்கள் கழித்தே வரும். பெரும்பான்மையோரிடம் அது முழங்காலையே பற்றும். வீக்கம் பெரிதாக இருக்கும், வலி அந்த அளவுக்கு இராது. குழந்தை பருத்த முழங்காலோடு நொண்டிக்கொண்டே விளையாடும். இங்கோ படை தோன்றி இரண்டு வாரமே ஆகியிருந்தது. சிறு மூட்டுகள் ஓடியாடி வலித்தன. காய்ச்சலும் அரிப்பும் உடன் இருந்தன. கிருமி மடியும்போது வரும் எதிர்வினை முதல் நாளோடு முடிந்துபோனது. ஒன்பதாம் நாளில் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. மூட்டில் சீழ் பிடித்திருந்தால் ஒரு மூட்டு அசைக்கவே விடாமல் வலிக்கும். இடுப்பு மூட்டு தாராளமாக உருண்ட பிறகு அந்த அச்சம் பெரிதும் நீங்கியது.

அதே உண்ணி வேறு இரண்டு நோய்களையும் கொண்டுவரும் என்பதை மறக்கக் கூடாது. அமாக்சிசிலின் லைம் கிருமியைக் கொல்லும். அனாபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவையும், சிவப்பணுக்களுக்குள் வாழும் பபீசியா என்னும் ஒட்டுண்ணியையும் தொடாது. ஆகவே சரியான மருந்தைச் சரியான அளவில் எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் நீடித்தாலோ திரும்ப வந்தாலோ இவ்விரண்டையும் தேடியே ஆக வேண்டும். அனாபிளாஸ்மா இருந்தால் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்து, கல்லீரல் நொதிகள் கூடியிருக்கும். பபீசியா இருந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபின் சரியலாம், சிறுநீர் அடர்நிறமாகலாம்; கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணியை நேரில் காணலாம். இரண்டிலும் காணாக்கடி வருவது வழக்கமில்லை.

மருந்தின் கணக்கில் பார்த்தால் ஒன்பதாம் நாள் என்பது பேசும் எண். 1905-ல் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, பேலா ஷிக் என்னும் இரு குழந்தை மருத்துவர்கள், தொண்டை அடைப்பானுக்கு (டிஃப்தீரியா) குதிரைச் சீரம் ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வருவதை விவரித்து அதைச் சீரம் நோய் என்றனர். அந்த இடைவெளிதான் அவர்களை யோசிக்க வைத்தது. நஞ்சாக இருந்தால் உடனே வந்திருக்க வேண்டும், உடல் எதிர்வினையைத் தயாரிப்பதற்கு நாள் பிடிக்கிறது என்று அவர்கள் கண்டனர். இன்று குதிரைச் சீரம் ஊசி அரிது. ஆனால் அதே தோற்றமுள்ள, ‘சீரம் நோய் போன்ற எதிர்வினை’ எனப்படும் நிலை, ஆன்டிபயாடிக் எடுக்கும் சிறு குழந்தைகளிடம் மருந்து தொடங்கிய ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வருகிறது. செஃபக்ளார் அதற்குப் பேர்போனது. அமாக்சிசிலின் அடுத்த நிலையில் நிற்கிறது. நடுவில் கன்றிய வளையத் தடிப்பு, கைகால் உப்புதல், சிறு காய்ச்சல், நடக்க மறுத்தல் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து வருவதே அதன் முகம். பழைய சீரம் நோயைப் போல இதில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது வழக்கமில்லை.

முடிவுகள் வந்தபோது வெள்ளையணுக்கள் 11,800, தட்டணுக்கள் 3,62,000, ஹீமோகுளோபின் 11.4 கிராம். கல்லீரல் நொதிகள் இயல்பு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சற்றே கூடுதல். சிறுநீரில் இரத்தமோ புரதமோ இல்லை. இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி இல்லை. இ.சி.ஜி.யில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னோட்டத் தாமதம் இல்லை. லைம் எதிர்ப்பொருள் பரிசோதனையில், தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐ.ஜி.எம். உண்டு, பிறகு உருவாகும் ஐ.ஜி.ஜி. இல்லை என்று வந்தது. தொற்றின் மூன்று, நான்காம் வாரத்தில் எதிர்பார்க்கத்தக்க விடை அது. புது அறிகுறிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதை அனுப்பியிருக்கவே தேவையில்லை என்று வாதிடுபவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சிகிச்சை

அமாக்சிசிலின் அன்றே நிறுத்தப்பட்டது. லைம் நோய்க்கு எட்டு நாள் மருந்து உள்ளே போயிருந்தது. இன்னும் ஆறு நாள் பாக்கி. செஃபுராக்ஸிம் தரலாம் என்றாலும், உடல் ஒரு பீட்டா-லாக்டம் (பெனிசிலினும் அதன் உறவு மருந்துகளும்) மருந்துக்கு எதிராகக் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் கொடுத்தால், அடுத்துவரும் தடிப்பு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்சிசைக்ளின் தேர்ந்தெடுக்கப்பட்டது: கிலோவுக்கு நாளொன்றுக்கு 4.4 மி.கி., அதாவது 35 மி.கி. வீதம் இரு வேளை. எட்டு வயதுக்குக் கீழ் இந்த மருந்தே கூடாது, பல் கறைபடும் என்ற எண்ணம் பழைய டெட்ராசைக்ளின் காலத்தது. டாக்சிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு அந்த அளவுக்குப் பிணைவதில்லை. 21 நாட்களுக்கு மிகாத சிகிச்சையை எந்த வயதுக் குழந்தைக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2018-ல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. பூச்சில் தப்பிய அனாபிளாஸ்மா ஏதேனும் இருந்தாலும் அதையும் இம்மருந்து பார்த்துக்கொள்ளும் என்பது கூடுதல் ஆறுதல். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதையும், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும் என்பதையும் தாயிடம் சொன்னோம். அரிப்புக்குச் செடிரிசின், வலிக்கு இபுபுரூஃபன்; ஸ்டீராய்டு தேவைப்படவில்லை.

மறுநாள் மாலை சிறுமி சுவரைப் பிடித்து நடந்தாள். 48 மணி நேரத்துக்குப் பின் புதுத் தடிப்பு எழவில்லை. நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. கன்றிய தழும்பு நிறம் மட்டும் சில நாள் நீடித்தது.

அவளுடைய மருத்துவப் பதிவேட்டில் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி விடவில்லை. எத்தனையாம் நாள், எந்த மருந்து, எப்படிப்பட்ட தடிப்பு, மூச்சுத் திணறல் இல்லை, கொப்புளம் இல்லை, வாய்ப்புண் இல்லை என்று முழுமையாக எழுதப்பட்டது. உயிருக்கு ஆபத்தான உடனடி ஒவ்வாமையும் இதுவும் ஒன்றல்ல. இத்தகைய குழந்தைகள் பலர் பின்னாளில் ஒவ்வாமை நிபுணரின் கண்காணிப்பில் அதே மருந்தைத் தாங்கிக்கொள்கின்றனர். இரண்டு சொல்லை மட்டும் சுமந்துகொண்டு ஆயுள் முழுக்க நல்ல மருந்துகளை இழந்து நிற்பவர்கள் ஏராளம்.

ஐந்து மாதங்களுக்குப் பின்

நவம்பரில் தாய் மீண்டும் வந்தார். பகலெல்லாம் ஓடியாடும் குழந்தை இரவு பத்து மணிவாக்கில் எழுந்து, இரண்டு கால்களையும் பிடித்துவிடச் சொல்லி அழுகிறாள். தூக்கம் கெட்டதால் பகலில் எதற்கெடுத்தாலும் அடம். இடையில் வேறொரு மருத்துவரிடம் காட்டியதில் லைம் பரிசோதனை மறுபடி செய்யப்பட்டு, ‘நோய் இன்னும் உடலில் இருக்கிறது’ என்று மூன்று மாத ஆன்டிபயாடிக் பரிந்துரைக்கப்பட்டிருந்தது.

எதிர்ப்பொருள்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட் பரிசோதனையின் அந்த அறிக்கையில் ஐ.ஜி.எம். பட்டைகளில் இரண்டும், ஐ.ஜி.ஜி. பட்டைகளில் இரண்டும் தென்பட்டிருந்தன. அப்பரிசோதனையின் விதிப்படி ஐ.ஜி.எம்.முக்கு மூன்றில் இரண்டு பட்டை போதும். ஆனால் நோய் தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் மட்டுமே அந்த விடைக்குப் பொருள் உண்டு. அதன்பின் ஐ.ஜி.ஜி.யில் பத்தில் ஐந்து பட்டையாவது வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தவர்களுக்கு ஐ.ஜி.எம். பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட நீடிக்கும். 41 எனக் குறிக்கப்படும் பட்டை வேறு பல சாதாரணக் கிருமிகளாலும் தோன்றும். மொத்தத்தில் அந்த அறிக்கை சொன்னது, இவளுக்கு ஜூனில் லைம் தொற்று இருந்தது என்பதை மட்டுமே. நோய் குணமானதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை பயன்படாது.

ஆகவே அறிகுறியையே பார்க்க வேண்டியிருந்தது. வலி இரு கால்களிலும் இருந்தது, இரவில் மட்டுமே வந்தது, பிடித்துவிட்டால் தணிந்தது, காலையில் விறைப்போ நொண்டலோ இல்லை. முழங்கால்களில் நீர் இல்லை, எலும்பை அழுத்தினால் வலி இல்லை, கல்லீரலோ மண்ணீரலோ பெருக்கவில்லை. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும், குறிப்பாக ஒரே காலில் வலி, பகல் நொண்டல், எடைக் குறைவு, காரணமற்ற கன்றல் என்று ஏதேனும் இருந்திருந்தாலும் நம் எண்ணம் இரத்தப் புற்று வரை போயிருக்க வேண்டும். இரத்த அணுக்கள் இயல்பாகவே இருந்தன. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் 9 என்று தாழ்ந்திருந்தது. விசாரித்தபோது சாப்பாட்டைத் தள்ளிவிட்டு நாளுக்கு ஒரு லிட்டர் வரை பால் குடிப்பது தெரிந்தது. பாலைப் பாதியாகக் குறைத்து இரும்புச்சத்து மருந்து தந்தபின், எட்டு வாரத்தில் தூக்கம் சீரானது. குழந்தைகளுக்கு வரும் சாதாரண இரவுக் கால்வலி தானாகவும் அடங்கும் என்பதால், இரும்பே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குறைவு உண்மையானது, திருத்த வேண்டியது.

லைம் நோய்க்குப் பின் சிலருக்குச் சோர்வும் வலியும் மாதக்கணக்கில் நீடிப்பது மெய்; அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது அநியாயம். நீண்ட ஆன்டிபயாடிக் அதற்கு மருந்தா என்பதே கேள்வி. பெரியவர்களிடம் நடத்தி 2001-லும் 2016-லும் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வுகள், போலி மருந்தைவிட அதனால் பலன் இல்லை என்று காட்டின. சிரைக்குழாய் பொருத்தி மாதக்கணக்கில் மருந்து ஏற்றியதால் வந்த கடுமையான தொற்றுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-ல் பதிவு செய்தது. இச்சிறுமிக்கு மூன்று மாத மருந்து தரப்படவில்லை. முகம் கோணுதல், தலைவலியுடன் வாந்தி, மயங்கி விழுதல், ஒரு முழங்கால் பருத்தல் ஆகிய நான்கில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று தாயிடம் எழுதிக் கொடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில், ஐந்து வயதான சிறுமியின் வலது முழங்காலின் பின்புறம் 6 செ.மீ. அளவில் ஒரு படை தோன்றி, விரிந்து, அசையாமல் நின்றது. பழைய நோய் தலைதூக்கிவிட்டதோ என்று தாய் கேட்டார். தொடக்கத்திலேயே குணமான குழந்தைக்கு நிலைத்த எதிர்ப்பு உருவாவதில்லை. வேறு இடத்தில், அடுத்த உண்ணிப் பருவத்தில் தோன்றும் படை புதுக் கடியால் வருவதே. மறுபடி படை வந்த நோயாளிகளின் கிருமிகளை மரபணு வகையால் ஒப்பிட்டு 2012-ல் வெளியான ஆய்வும் அவை வெவ்வேறு வகைகள் என்றே காட்டியது. பழைய எதிர்ப்பொருள் விடையைக் குழப்பும் என்பதால் இரத்தம் அனுப்பப்படவில்லை. 18 கிலோ எடைக்கு டாக்சிசைக்ளின் 40 மி.கி. இரு வேளை, 10 நாட்களுக்கு எழுதப்பட்டது. அமாக்சிசிலின் சோதனைக்கு இலையுதிர் காலத்தில் ஒவ்வாமை நிபுணரிடம் நேரம் குறிக்கப்பட்டது.